விரலைத் தேடி வந்த பட்டன்

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி, அதே போர்டு. எந்த டாக்டர் எந்த மாடியில் இருப்பார், எந்த வார்டுக்கு எந்த எண் என்று நானூற்றுப் பத்து எக்ஸ்டென்ஷன்கள் அவளுக்கு மனப்பாடம். பதினோரு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. இப்போதும் யாராவது அதைக் கேட்டு உச்சுக் கொட்டினால், "நாப்பது வருஷம் ஆச்சுங்க, அதுக்கப்புறம் நான் எத்தனையோ வேலை பார்த்துட்டேன்" என்பாள். உச்சுக் கொட்டியவர் வாயை மூடிக்கொள்வார்.

நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, திருகு, பூட்டு, பெயின்ட், குழாய் எல்லாம் கிடைக்கும். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அக்கா தனியாக இருக்கிறாள். எங்களோடு வந்து இருக்கச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். என் மனைவியும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கடைக்கு வருகிற பெயின்டரும் தச்சரும்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

தம்பி கடை என்பதற்காக அவள் ஒரு ஆணியைக்கூட இலவசமாக வாங்கியதில்லை. முன்பு நோட்டாகத் தருவாள். விரல் இடுக்கில் நோட்டை வைத்து நீளம் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அப்புறம் கார்டு வந்தது. என் பழைய கார்டு மெஷினில் ரப்பர் பட்டன்கள் இருந்தன. ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். பத்து வருஷம் அந்த மெஷினைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நான் அந்தப் புள்ளியைக் கவனித்ததே இல்லை. அக்காவின் விரல் அதைத் தொட்ட மறு நொடி நான்கு எண்ணும் உள்ளே போயிருக்கும். வரிசையில் நிற்கிற கண் தெரிந்த ஆட்கள் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று பையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு விற்பனையாளர் புது மெஷினோடு வந்தார். பணம் வாங்கித் தரும் ஆன்லைன் கம்பெனி ஒன்றின் ஆள். மெஷின் முழுக்க முழுக்கக் கண்ணாடி. கைக்கு அடக்கமாக, மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. முதல் வருஷம் வாடகை கிடையாது, கமிஷனும் பாதிதான் என்றார். நான் விழுந்துவிட்டேன். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பழைய மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புதுசைக் காட்டிப் பெருமையடித்தேன். அதில் பட்டன் இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா வந்தாள். நல்ல கூட்டம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி, ஐந்தாறு குழாய்களைத் தடவிப் பார்த்து, மரை ஒழுங்காக இருக்கிறதா என்று நகத்தால் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கார்டை நீட்டினாள். நான் மெஷினை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் விரல்கள் கண்ணாடி மேல் இப்படியும் அப்படியுமாகப் போயின. தேடுவதற்காகத் தொட்டதையெல்லாம் மெஷின் எண் என்று எடுத்துக்கொண்டது. தவறான எண் என்று ஒரு சத்தம். மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது தடவை தப்பினால் கார்டு பூட்டிக்கொள்ளும். வரிசையில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் திறந்த பெயின்ட் டப்பா. நான் சட்டென்று சொன்னேன்.

"நம்பரைச் சொல்லுக்கா, நான் அடிச்சுடறேன்."

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"நாலு பேர் முன்னாடி சொல்லச் சொல்றியா?"

"நான்தானே அக்கா அடிக்கப்போறேன்."

"அப்ப அஞ்சு பேரு."

குழாயை எடுத்த இடத்திலேயே, எடுத்த பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். கம்பைத் தட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் நானே அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாங்கவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடு என்றாள். ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். ஒப்பந்தம் போடும்போது என் ஞாபகம் வரலையா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். அதில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு ஒருத்திக்காக நான் கடையவே மாத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"சரி, உங்க கார்டு நம்பர் என்னன்னு என்கிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சொன்னதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் காலையில் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். குழாயை வேறு கடையில் நோட்டுக் கொடுத்து வாங்கிவிட்டதாகவும், அங்கே விலை குறைவு என்றும் சொன்னாள்.

என் கடையோடு முடிந்திருந்தால் அவள் விட்டிருப்பாளோ என்னவோ. அந்தக் கம்பெனி ஊரெங்கும் இலவசமாக அள்ளி விட்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் மளிகைக் கடை, மருந்துக் கடை, பஸ் நிலையக் கவுன்டர் எல்லாவற்றிலும் கண்ணாடி மெஷின். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் கேன்டீனில்கூட வந்துவிட்டது. சாப்பிட்டதற்குப் பணம் கட்ட, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய நிலை. இருபத்தாறு வருஷத்தில் இல்லாத நிலை.

அவள் புலம்பவில்லை. வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாள். பார்த்ததை எல்லாம் தன் போனில் பேசிப் பதிந்துகொண்டாள்.

நோட்டு கொடுத்துப் பார்த்தாள். எங்கள் தெருவில் இருந்த வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். பேசுகிற ஏடிஎம் எட்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது. அங்கே போக ஏறுகிற பஸ்ஸில் நோட்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். போனால் ஸ்கேன் செய்து பார்த்தாள். அந்தக் கட்டம் போட்ட சீட்டை ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு இடத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒருவர் கல்லாவின் பக்கவாட்டில், ஒருவர் தலைக்கு மேலே தூணில். கொசு அடிப்பது போல நான் போனை வீசிக்கொண்டு நிற்கணுமா என்றாள். கையில் கட்டுகிற பட்டை ஒன்று வாங்கினாள். அதைக் காட்டினால் எண்ணே வேண்டாம், பணம் போய்விடும். சின்னத் தொகைக்கு மட்டும். பெரிய தொகை என்றால் மறுபடி கண்ணாடி.

குரலால் கட்டுகிற வழியும் ஒன்று வந்திருந்தது. ரகசிய வாக்கியம் ஒன்றை நாமே வைத்துக்கொண்டு, மெஷினிடம் சொல்ல வேண்டும். அக்கா "காலையில் மழை வரும்" என்று வைத்திருந்தாள். என் கடையில்தான் சோதித்தாள். யாரோ டிரில் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். புரியவில்லை, மீண்டும் சொல்லவும் என்று அது ஏழு தடவை கேட்டது. ஏழு தடவையும் அவள் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள். எட்டாவது தடவை பின்னால் நின்ற தச்சர், "அக்கா, நான் வேணா சொல்லிப் பாக்கட்டுமா?" என்றார். அதிலிருந்து அவளைத் தெருவில் பார்க்கிறபோதெல்லாம் அந்த மனிதர் வணக்கத்துக்குப் பதிலாக, காலையில் மழை வரும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த வழியும் அத்தோடு போயிற்று.

கம்பெனிக்கு எழுதினாள். மூன்று வரியில் பதில் வந்தது. பார்வைக் குறைபாடு உள்ள வாடிக்கையாளர்கள் நம்பிக்கையான உதவியாளர் ஒருவரின் துணையோடு எண்ணைப் பதிவு செய்யலாம் என்று. போன் அதை வாசித்ததும், இன்னொரு தடவை வாசிக்க வைத்து என்னையும் கேட்கச் சொன்னாள்.

"நம்பிக்கையான உதவியாளர்னா சம்பளத்துக்கா, சும்மாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் கம்பெனிக்கு போன் செய்ய ஆரம்பித்தாள்.

அங்கேதான் அவர்கள் யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் போனில் ஆட்களை ஆட்களிடம் சேர்த்துவிட்டவள் அவள். யார் தட்டிக் கழிக்கிறார், யாருக்கு உண்மையில் தெரியாது, யாருக்குத் தெரிந்தும் சொல்லப் பயம் என்று முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். யாரிடமும் கடுமையாகப் பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் அடுத்த ஆளின் எக்ஸ்டென்ஷனை மட்டும் வாங்கிக்கொண்டாள். நாலு நாளில் பதினோரு பேரைத் தாண்டி, அந்தக் கண்ணாடித் திரையை வடிவமைத்த இன்ஜினியரின் மேஜைக்கே போய்ச் சேர்ந்தாள். அவருக்கு வாடிக்கையாளரிடமிருந்து நேராக போன் வந்தது அதுதான் முதல் தடவையாம்.

அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க செஞ்ச மெஷின்ல, கண்ணை மூடிட்டு உங்க நம்பரை ஒரு தடவை அடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

அவர் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். இவரும் தட்டிக் கழித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். குரல் அப்படி இல்லை என்றாள் அக்கா. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"நாப்பது தடவை அடிச்சேன். ஒரு தடவைகூடச் சரியா வரலைங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர ரயில் பிடித்து, ஒரு பெட்டியோடு என் கடைக்கு வந்து இறங்கினார். ஐம்பதை நெருங்குகிற வயது, அதிகம் பேசாத மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா. ஞாயிறு மதியம் எனக்குக் கடை அடைப்பு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே அக்காவும் அவரும் உட்கார்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து பதினாலு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்தார்கள். அவர் மேலதிகாரிகளிடம் இதற்கு அனுமதி வாங்கினாரா, சொந்த விடுமுறையில் வந்தாரா என்று ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. சொந்த விடுமுறைதான்.

முதலில் துளை போட்ட ரப்பர் உறை ஒன்றைக் கண்ணாடி மேல் ஒட்டினார். என் கடையில் நாலு நாள் தாங்கியது. வருகிறவர்கள் கையில் இருக்கிற பெயின்டும் சுவருக்குப் பூசுகிற பட்டியும் துளைக்குள் போய் அடைத்துக்கொண்டன. ஐந்தாம் நாள் ஒருவர், இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே உரித்து எடுத்துவிட்டார். அப்புறம் விரல் எந்த எண் மேல் இருக்கிறது என்று மெஷினே காதில் சொல்கிற மாதிரி, இயர்போன் சொருகும் துளை வைத்துக்கொண்டு வந்தார். அது வேலை செய்தது. ஆனால் நாலு எண் அடிக்க முழுசாக ஒரு நிமிஷம் ஆனது. பின்னால் நிக்கிறவங்க பெருமூச்சு எனக்குக் கேக்கும் என்றாள் அக்கா.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, இருவரும் களைத்துப்போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் போர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் பட்டனைத் தேடறதே இல்லை. கையை வச்சா எல்லாம் அதது இருக்கிற இடத்துல இருக்கு. இந்தக் கண்ணாடியில எது எங்கன்னு எனக்குத் தெரியறதுக்கு வழியே இல்லை. நான் தேடிப் போனா தப்பாகுது. அப்போ பட்டன்தான் என் விரலைத் தேடி வரணும்."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அவள் டம்ளரை வைத்துவிட்டு, கல்லா மேஜையின் மரப்பலகையில் ஒரு விரலை வைத்தாள்.

"நான் முதல்ல எங்க வைக்கிறேனோ, அதுதான் அஞ்சு. மேல இழுத்தா ரெண்டு, கீழ இழுத்தா எட்டு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஆறு. மத்ததெல்லாம் மூலையில. எங்க வச்சாலும் அங்க அஞ்சு."

அவர் பேனாவை எடுத்து என் திருகுப் பெட்டி ஒன்றின் அட்டை மூடியில் ஒன்பது கட்டம் போட்டார். அடித்தார். மறுபடி போட்டார். "பூஜ்யம்?" என்று கேட்டார். கீழே ரெண்டு தடவை இழுத்தா பூஜ்யம் என்றாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் கட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். ரயிலைத் தவறவிட்டார். அந்த மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார், திருகுகளை நான் காகிதத்தில் மடித்து விற்றேன்.

மூன்று வாரம் கழித்து அதை மெஷினுக்குள் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு விரலை ஒரு கணம் சேர்த்து வைத்தால் திரை இருட்டாகிவிடும். அப்புறம் விரலை எங்கே வைத்தாலும் அது ஐந்து. நகர்த்தி எடுத்தால் மற்ற எண். அக்கா முதல் பத்தில் ஒன்றைத் தவறவிட்டாள். அப்புறம் தொடர்ந்து நூறு தடவை அடித்தாள், நூறும் சரி. நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், பத்துக்கு ஐந்து. அடுத்த ஞாயிறு அவளோடு பள்ளியில் படித்த ஆறு பேர் வந்தார்கள், எல்லோரும் பார்வை இல்லாதவர்கள். பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாக்கெட் ஆணி வாங்கி வாங்கிப் பணம் கட்டினார்கள். ஆணியை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று போல என் கடையில் அதற்கு முன்னும் பின்னும் சிரிப்புக் கேட்டதில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அக்கா ஒரு நாள் லீவு போட்டாள், நானும் கூடப் போனேன். நீண்ட மேஜை, சில்லென்ற அறை, எட்டு ஒன்பது அதிகாரிகள், அவர்களுக்கு நடுவே டைரக்டர். இன்ஜினியர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இடையில் கம்பெனியின் வேறு ஒரு குழு அக்காவிடமும் இன்ஜினியரிடமும் சொல்லாமலே மெஷினில் ஒரு சேர்க்கை செய்திருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு சத்தம். ஒன்றுக்குத் தாழ்ந்த சத்தம், ஒன்பதுக்கு உயர்ந்த சத்தம். எதை அடித்தோம் என்று பார்வை இல்லாதவர்களுக்குக் காதாலேயே தெரியும் என்று விளக்கினார்கள். டைரக்டர் உற்சாகமான மனிதர். தன் சொந்தக் கார்டைப் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே அடித்துக் காட்டினார். முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா கைதட்டவில்லை. சிரமம் இல்லையென்றால் இன்னொரு தடவை அடிக்க முடியுமா என்று கேட்டாள். அடித்தார். அவள் எழுந்தாள், அவர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ என்று என்னிடம் சொன்னாள். போனதும், குனிந்து அவர் காதில் மட்டும் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"என் நம்பரை" என்றார் டைரக்டர்.

அக்கா நின்றபடியே, ஆஸ்பத்திரியில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"எனக்கு வேலையே சத்தம் கேக்கறதுதான். இப்படி வச்சீங்கன்னா எனக்கு மட்டும் கேக்காது, கடையில நிக்கிற எல்லாருக்கும் கேக்கும். எல்லா நம்பருக்கும் ஒரே சத்தம் போதும், விழுந்துதா இல்லையான்னு தெரிஞ்சா போதும். எதை அடிச்சேன்னு எனக்குத் தெரியும். நான்தானே அடிக்கிறேன்."

டைரக்டர்தான் முதலில் சிரித்தார். இப்போதே எண்ணை மாற்றிவிடுகிறேன் என்றார். "மாத்திடுங்க, எனக்கு நம்பர் மறக்கிற பழக்கம் இல்லை" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் மட்டும் சிரிக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

ஒரு அதிகாரி மட்டும் விடவில்லை. இவ்வளவு மெனக்கெடுவது வீண், இன்னும் சில வருஷத்தில் நோட்டும் இருக்காது, கார்டும் இருக்காது, எண்ணும் இருக்காது, முகத்தைக் காட்டினால் பணம் போகிற காலம் வரப்போகிறது என்றார். வரட்டும் என்றாள் அக்கா. ஆனால் எது வந்தாலும் அது ஒன்றே வழி என்று ஆக்கிவிடாதீர்கள், நோட்டும் இருக்கட்டும், பட்டனும் இருக்கட்டும், முகமும் இருக்கட்டும், எதில் கட்டுவது என்று கட்டுகிறவர் முடிவு செய்யட்டும் என்றாள். அதை ஒருவர் குறித்துக்கொண்டார். குறிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

முடிவில் மரச்சட்டம் போட்ட நற்சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி மேலும் கீழும் தடவினாள்.

"இதுவும் கண்ணாடியா?"

அவர்கள் நெளிந்தார்கள். அதோடு விட்டிருந்தால் அவள் என் அக்கா இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கிறீர்கள், நானும் பதினாலு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்திருக்கிறேன், அந்த இன்ஜினியரும் சொந்த லீவில் வந்திருக்கிறார் என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மேஜைக்கு அடியில் அவள் முழங்கையை இடித்தேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளோடு சோதனையாளர் என்று முறையான ஒப்பந்தம் எழுதினார்கள். இன்ஜினியருக்கு அந்த விடுமுறைகள் திரும்பக் கிடைத்தன. ரயிலில் திரும்பும்போது, என் கூச்சத்தை நினைத்துத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, ஊரிலிருந்த கண்ணாடி மெஷின்கள் எல்லாம் நாலு நிமிஷம் அணைந்து மறுபடி எரிந்தன. அப்டேட் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தாள். ஒரு தாழ்ப்பாள் எடுத்தாள். வரிசையில் மூன்று பேருக்குப் பின்னால் நின்றாள், முன்னால் வரச் சொன்னவர்களிடம் பரவாயில்லை என்றாள். அவள் முறை வந்தது. நான் தொகையைச் சொன்னேன். இரண்டு விரலை வைத்தாள், திரை இருண்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு யாருக்கும் நான் அப்படித் திருப்பிக்கொண்டதில்லை. ஒரே மாதிரி நான்கு சத்தம். பணம் வந்து சேர்ந்தது என்றது மெஷின்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏதாவது பெரிசாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. "நன்றிங்க, மறுபடி வாங்க" என்றேன்.

"விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனி அந்த வசதிக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, எனக்கு வாயில் நுழையவில்லை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் அக்கா முறை. வேலை முடிந்து கண் எரிச்சலோடு வருகிற வெல்டர் அதில்தான் கட்டுகிறார். கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர்களும், எட்டிப் பார்க்கிற ஆட்களைப் பிடிக்காதவர்களும்கூட அதையே கேட்கிறார்கள். திரையில் எண்ணே தெரியாதே. போன வருஷம் சரக்கு எடுக்க வேறு ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ரயில் நிலையத்தில் கம்போடு வந்த ஒருவரிடம் கவுன்டர்க்காரர், "அக்கா முறையா, சாதாவா?" என்று கேட்டார். அந்தப் பெயர் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த அக்கா என் அக்காதான் என்று எனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னேன். பின்னால் நின்றவரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

இப்போது அந்த அதிகாரி சொன்ன முக மெஷின் தயாராகிக்கொண்டிருக்கிறது. சோதிக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். போன வியாழக்கிழமை கிளம்பினாள். துணைக்கு வரவா என்று கேட்டேன். நீ கடையைப் பாரு என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். மதியம் அவளிடமிருந்து போன் வந்தது.

"போய்ச் சேர்ந்துட்டியாக்கா? எப்படி இருக்கு?"

"நேராப் பாருங்கன்னு சொல்லுது. நேர்னா எந்தப் பக்கம்னு அதுக்கே தெரியலை. என் உயரத்துக்குக் குனியவும் மாட்டேங்குது. ஒம்பது குறை எழுதச் சொல்லியிருக்கேன், சாப்பிட்டுட்டு வந்து மிச்சம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். வச்சிடறேன், இன்ஜினியர் சாப்பாட்டை வச்சுக்கிட்டுக் காத்திருக்கார்."